இரண்டாம் பக்கத்து இருமல்

செத்துப்போனவர்களில் கெட்டவர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகக் கல்வெட்டு அடிக்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள். கல்வெட்டு என்றதும் கருங்கல்லை நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் சோற்றுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். முன்னுக்கு இறந்தவரின் படம், பிறகு நாலு பக்திப் பாட்டு, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் நன்றி. அதுதான் கல்வெட்டு. மட்டக்களப்பில் இருக்கும் என் அச்சகத்தில் புலம்பல்கள் எல்லாம் கணினியில் தயாராகக் கிடக்கின்றன. பெயரை மாற்றினால் போதும். குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்தவன்கூட என் இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்தால் ‘இன்முகம் மாறாத இல்லறச் செல்வர்’ ஆகிவிடுவான். அதற்கெல்லாம் நான் கூச்சப்பட்டதில்லை.

இந்த ஒரு மனிதருக்குத்தான் கை ஓடவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், தன்னால் எனக்கு இவ்வளவு வேலை வந்துவிட்டதே என்று எழும்பி வந்து மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு பயம். அப்படிப்பட்ட ஆள்.

சாவுக்கென்று கனடாவிலிருந்து வந்து நின்ற அவருடைய மகளும், இங்கே வங்கியில் வேலை பார்க்கும் மகனும் ஒருநாள் காலையில் அச்சகத்துக்கு வந்தார்கள். வரலாறு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். அதில் ஒரு வரியை மகன் பேனாவால் வெட்டியிருந்தான். மகள் அதன் மேலேயே திரும்ப எழுதியிருந்தாள். வரி இதுதான்: ‘அன்னார் லண்டனில் வாழ்ந்த காலத்தில் ஓர் இசைத்தட்டில் இருமியுள்ளார்.’

சிரிக்காதீர்கள். நான் ஒருமுறை சிரித்துவிட்டு நாற்பது வருடமாக அவதிப்படுகிறவன்.

“ஊர் சிரிக்கும் சித்தப்பா,” என்றான் மகன். சொந்தமில்லை, பழக்கத்தில் சித்தப்பா. “அப்பா தன்ட எண்டு சொன்ன பிழையெல்லாம் போடுறதெண்டா, கல்வெட்டு டெலிபோன் டிரெக்டரி அளவுக்கு வரும்.”

“இது மத்தப் பிழையள் மாதிரி இல்ல,” என்றாள் மகள். “ஆசுபத்திரியில கடைசியாக் கதைச்சதும் இதைத்தான். சித்தப்பா, நீங்க மட்டுந்தான் அப்பாவோட இரிந்து அந்தத் தட்டைக் கேட்ட ஆள். அது அப்பாட இருமல்தான் எண்டு நீங்க சொன்னா போடுவம். இல்லாட்டி வேணாம்.”

மகனும் தலையாட்டினான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அந்த இடத்தை இனி ஒருவருமே கேட்க முடியாதபடி தட்டைக் கெடுத்தவன் நான்தான் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டு அனுப்பிவிட்டு, வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். கல்முனை பஸ் ஒரு மணி நேரம் பிந்தினால் மற்ற டைம்கீப்பர்மார் கதவைச் சாத்திக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்கள். இவர் வெளியே வந்து வரிசையின் தலைப்பில் நின்று, “என்ட பிழைதான். மன்னிச்சிக்கொள்ளுங்க,” என்பார். ஏச வந்த சனம் வாயடைத்துப் போகும். ஒருமுறை காத்தான்குடிக் காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), துணிப் பொட்டலங்களோடு வெயிலில் நின்றவர், பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

“டயர் வெடிச்சதுக்கு நீங்க என்ன செய்வீங்க சேர்?”

“காலம்பற அந்த டயரை நான் கண்டனான் காக்கா. கண்டும் வாய் திறக்கல்ல.”

“டயர் பாக்கிறதா உங்கட வேலை?”

“கண்ணு இரிக்குதானே.”

காக்கா, வரிசையில் பின்னால் நின்ற என் பக்கம் திரும்பி, “இந்த மனிசனுக்கு ஏசவும் ஏலாது, ஏசாம இரிக்கவும் ஏலாது,” என்றார். அதைவிடச் சரியாக அவரைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா சொல்லுவார்: “தாலி கட்டிப்போட்டு முதல் சொன்ன சொல்லு என்னெண்டு தெரியுமா தம்பி? ‘மாரியில நாள் வெச்சது என்ட பிழைதான், உன்ட சீலை நனைஞ்சிற்று, மன்னிச்சிக்கொள்.’ நாள் வெச்சது எங்கட அப்பா! இவர் மழைக்கும் மன்னிப்புக் கேட்ட ஆள்.”

எனக்கு அவர்மேல் உயிர். அதே அளவுக்கு எரிச்சலும் இருந்தது. எங்கே என்ன உடைந்தாலும் ஒருவர் ஓடிவந்து பொறுக்கிக்கொண்டு போனால் பக்கத்தில் நிற்கிறவன் என்னத்தைச் செய்வது? அவர் நல்லவரா, நல்லவர்போல நடிக்கிறாரா, அல்லது தலையில் ஏதும் ஒரு ஆணி கழன்றிருக்கிறதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மூன்றும் இருக்கலாம் என்றுதான் பட்டது.

இருமல் விஷயத்தில் மட்டும் அவர் இன்னும் ஒருபடி மேலே. சட்டைப் பையில் எந்நேரமும் கராம்பும் கற்கண்டும் கிடக்கும். செத்தவீடோ, பள்ளிக்கூடப் பரிசளிப்போ, நாலு பேர் அமைதியாக இருக்கிற இடத்தில் தொண்டை கரகரத்தால் எழும்பி வெளியே போய்விடுவார். சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவில் ஒருமுறை தீபம் காட்டுகிற நேரம் பார்த்து அவருக்கு வந்துவிட்டது. அத்தனை சனத்தையும் இடித்துக்கொண்டு, வெளி வீதி தாண்டி, கடலைக்காரியின் தட்டுக்குப் பின்னால் போய்நின்று இருமினார். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“இவ்வளவு தூரம் வந்து தீபத்தைப் பாக்காம ஓடுறீங்களே அண்ணன்?”

“சனம் மனசுக்குள்ள கதைக்கிற நேரம் மனே. அதுக்குள்ள என்ட சத்தம் எதுக்கு?”

மனே என்பது எங்கள் பக்கத்தில் இளையவர்களைக் கூப்பிடுவது. எனக்குத் தாடி நரைத்த பிறகும் அவர் வாயில் நான் மனேதான்.

அந்தப் பயத்தின் வேரை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் கல்லடியில் அவர் வீட்டில் வைத்துச் சொன்னார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். வேறொருவரின் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை. அவர் வீட்டில் மாமனார் கொடுத்த ரேடியோகிராம் ஒன்று இருந்தது. லண்டனிலிருந்து வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரேயொரு இசைத்தட்டும். நாலு வெள்ளைக்காரப் பையன்கள் சேர்ந்து செய்த முதல் தட்டு. குழுவின் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. அந்த ஊரிலேயே தெரியாதாம். இரண்டாவது தட்டு வரவேயில்லை.

உறையில் ஒரு பச்சை வெளி, எங்கள் வயல் வட்டை போலவே. நடுவில் ஒரு கதவு. வீடும் இல்லை, சுவரும் இல்லை. அக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம், “கதவு வாங்கினதுகளுக்குக் கல்லு வாங்க வழியில்லாமப் போயிற்றாக்கும்,” என்பார்.

நாங்கள் கேட்டு வளர்ந்தது மூன்று நிமிடப் பாட்டு. பல்லவி வரும், சரணம் வரும், ஆள் வீட்டுக்குப் போகலாம். இதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. மாதா கோயில் ஓர்கன் போல ஒன்று இழுக்கும். புல்லாங்குழல் குறுக்கே ஓடும். மேளம் திடீரென்று கால் மாற்றும். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். ஏழுக்குப் போய், ஐந்துக்கு வந்து, பிறகு என் கை எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் போனது. முடிந்துவிட்டது என்று எழும்புவேன். “இரி மனே, இன்னும் கிடக்கு,” என்பார். பிடித்ததா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன்.

படிக்கத்தான் லண்டன் போயிருக்கிறார். படிப்பு ஏறவில்லை. பாட்டுப் பதிவுசெய்கிற ஒரு கூடத்தில் தரை கூட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது. அங்கேதான் அந்த நாலு பேரும் வந்தார்கள்.

“முதல் பனிக்காலம், மனே. நெஞ்செல்லாம் சளி,” என்றார். “நான் தும்புத்தடியோட வெளிய நிண்டன். கதவு வடிவாச் சாத்துப்படல்ல. உள்ளுக்கு இரண்டாம் பக்கத்துப் பாட்டு தொடங்கிற்று. முதல்ல குழல் மட்டும் வரும், நிக்கும், கொஞ்சம் ஒண்டுமே இரிக்காது. மறுகாதான் ஓர்கன். அந்த ஒண்டுமில்லாத இடத்தில இருமிட்டன். அடக்கி அடக்கிப் பாத்தன், ஏலாமப் போச்சு.”

“திருப்பி எடுத்திருப்பாங்களே?”

“எடுப்பாங்க எண்டுதான் நானும் இரிந்தன். எடுக்கல்ல. பாட்டு முடிஞ்சாப்போல அவங்க ஒருத்தன ஒருத்தன் பாத்தாங்க. ஆரு எண்டு கேட்டாங்க. நான் எண்டு சொல்லல்ல. வேலை போயிரும் எண்டு பயம். தலையைக் குனிஞ்சி தரையைக் கூட்டினன்.” உறையை எடுத்துத் தூசு தட்டினார். “தட்டு வந்தாப்போல வாங்கிக் கேட்டன். அப்பிடியே இரிக்கு. ஆரும் வாங்கல்ல அந்தத் தட்டை. பொடியன்மார் பிரிஞ்சி போயிற்றாங்க. நாலு பேரின்ட வாழ்க்கை, மனே.”

“ஒரு இருமலாலயா அண்ணன்?”

சிரித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு சிரித்திருந்தாலும் பரவாயில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவர் கோபிக்கவில்லை. தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை வைத்துவிட்டு, “நீ கேள்,” என்று சொல்லி எழும்பிக் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டார். அந்த இடத்தை அவரால் கேட்க முடியாதாம். குழல் வந்தது. நின்றது. சிரிப்பை அடக்குகிற சிரமத்தில் எனக்கு என்ன கேட்டது என்றே சரியாகத் தெரியவில்லை. தொண்டையைச் செருமினதுபோல ஏதோ ஒன்று. ஊசியின் கரகரப்பாகவும் இருக்கலாம். அடுத்த ஞாயிறு இன்னொருமுறை கேட்டேன். அப்போது ஒழுங்கையில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். இந்த இரண்டு தரம்தான் நான் கேட்டது. இதை வைத்துத்தான் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

ஏன் மூன்றாம் தரம் கேட்கவில்லை என்றால், அதுதான் என் வண்டவாளம்.

உறையில் குழுவின் பெயரை வளைந்து நெளிந்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் விளையாட்டுக் கழகத்து நோட்டீசுக்கு அதேமாதிரி எழுத்து வரைய வேண்டுமென்று எனக்கு ஆசை. உறையை மட்டும் கேட்டேன். தட்டோடு சேர்த்தே தந்தார். “கேட்டுப்போட்டு ஆறுதலாக் கொண்டுவா,” என்றார். கேட்கிறதற்கு என்னிடம் என்ன இருந்தது, சைக்கிள் மணியைத் தவிர? கரியரில் வைத்துக் கம்பியை இழுத்து மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். கல்லடிப் பாலத்தில் கூட்டாளி ஒருவன் வலை வீசிக்கொண்டு நின்றான். சைக்கிளைக் கம்பியில் சாத்திவிட்டுக் கதைக்கத் தொடங்கினேன். கதை எதைப் பற்றி என்று இன்றைக்கு ஒரு சொல் ஞாபகம் இல்லை. உச்சி வெயில். இரண்டு மணி நேரமாவது இருக்கும்.

அச்சகத்தில் உறையிலிருந்து தட்டை இழுத்துப் பார்த்தால், பொரித்த பப்படம். ஓரமெல்லாம் எழும்பி நின்றது. கையால் அழுத்திப் பார்த்தேன், ஒரு பலகையை வைத்து அதற்குமேல் ஈய எழுத்துப் பெட்டியை ஏற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் உறைக்குள் போட்டு, “பெரிய உபகாரம் அண்ணன்,” என்று அவர் கையில் திணித்துவிட்டு, தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் ஓடிவந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் அச்சகத்துக்கு வந்தார். இன்றைக்கு மாட்டினோம் என்று நினைத்தேன்.

“மனே, என்ட பிழை ஒண்டு நடந்து போயிற்று,” என்றார். “அந்தத் தட்டை நான் யன்னலடியில வெச்சிரிந்தன். வெயில் பட்டு வளைஞ்சிற்று. அதைப் பாக்காம உனக்குத் தந்திட்டன். ஆசையாக் கேட்டாய், பழுதானதைத் தந்திட்டன். மன்னிச்சிக்கொள்.”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. வாய் மட்டும் வேறொன்றைச் சொன்னது. “பரவாயில்ல அண்ணன்.”

அவரை நான் மன்னித்தேன். கேட்டீர்களா? நான் அவரை மன்னித்தேன்.

அதற்குப் பிறகு ஊசி தட்டின் ஓரத்தில் நிற்கவே நிற்காது. துள்ளிக்கொண்டு போய் உள்ளே எங்காவதுதான் இறங்கும். அந்த இருமல் இருந்த இடம் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில், சரியாக ஓரத்தில். அது போயே போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “வெயில்ல வெச்சது என்ட பிழை,” என்று சொல்லிச் சொல்லி ஊருக்கே அது வரலாறாகிவிட்டது. ஒரு மாற்றம் மட்டும் நடந்தது. அந்தப் பக்கத்தைப் போட்டுவிட்டு அவர் கிணற்றடிக்குப் போவதை விட்டுவிட்டார். கதிரையிலேயே இருந்து கடைசிவரை கேட்டார். இருமலை நான் தொலைத்தது அவருக்கு நிம்மதியாகப் போனதா, அல்லது தன் பிழைக்கு இருந்த ஒரே அத்தாட்சியும் போய்விட்டதே என்று உள்ளுக்குள் தவித்தாரா? முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. நான்கைந்து தரம் உண்மையைச் சொல்ல வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அவர் ஏதாவதொன்றுக்கு முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுவார்.

பிறகு யுத்தம் முற்றிய காலம். கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நடந்து, சோதனை முடித்துத்தான் மறுபக்கம் போகலாம். ஒருநாள் காலையில் வரிசை நின்றுவிட்டது. தெருவோரத்தில் ஒரு துணி மூட்டை, கேட்பாரில்லாமல் கிடந்தது. சிப்பாய் ஒருவன் துவக்கை நீட்டிக்கொண்டு, யாருடையது என்று கத்தினான். நாற்பது ஐம்பது பேர் நிற்கிறோம். அவரவர் காலைப் பார்க்கிறோம். எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்ற இவர் கையை உயர்த்தினார்.

“என்ட.”

வேலியால் போன ஓணானை எடுத்துச் சாரத்துக்குள் விட்டுக்கொண்ட கதைதான். தள்ளிக்கொண்டு போனார்கள். மூட்டையை அவர் கையாலேயே அவிழ்க்கச் சொன்னார்கள். உள்ளே வெற்றிலையும் பாக்கும் அரைப்போத்தல் சுண்ணாம்பும். எந்தக் கிழவி மறந்துவிட்டுப் போனாளோ! அப்படியும் விடவில்லை. மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். நாங்களும் போய்விட்டோம்.

பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். “என்ன விசர் வேலை அண்ணன் பாத்தீங்க? உள்ளுக்கு வேற ஏதும் இரிந்தா? ஆருட எண்டு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது மனே.” தோல் உரிந்த கழுத்தில் அக்கா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். “ஆருட எண்டு தெரியாட்டி ஆராவது ஒருத்தன் எடுக்கத்தானே வேணும். கீழ கிடக்க விடேலுமா?”

அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு சந்தேகப் பூரான் ஊரத் தொடங்கியது. இவருக்கு எது தன் பிழை, எது ஊரார் பிழை என்று வித்தியாசமே தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தெரிந்துதான் எடுக்கிறாரா? அப்படியென்றால் தட்டு? மறுபக்கம் பார்த்தால், தன்னுடையது அல்லாத மூட்டையைத் தன்னுடையது என்றவர், தன்னுடையது அல்லாத இருமலையும் அப்படித்தான் சொல்லியிருப்பாரோ? யோசிக்க யோசிக்க ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டது. அவர் சாகும்வரை அந்தச் சிக்கு அவிழவில்லை.

தவணை முடிந்த அன்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகன் தன் போனைச் சின்ன ஒலிபெருக்கி ஒன்றோடு பொருத்தி வைத்திருந்தான். அந்தத் தட்டு இப்போது இணையத்தில் கிடைக்கிறதாம். ஐம்பது வருடம் தேடுவாரற்றுக் கிடந்ததை யாரோ கண்டுபிடித்து, தூசு தட்டி, புதுசாக வெளியிட்டிருக்கிறார்கள். காலம் பிந்திக் கிடைத்த பொக்கிஷம் என்று புகழ்கிறார்களாம். திரையில் அதே கதவு.

மின்விசிறியை நிறுத்தினோம். இரண்டாம் பக்கம். குழல் வந்தது, தண்ணீர் போலத் தெளிவாக. நின்றது. ஒன்றுமில்லை. ஓர்கன் தொடங்கியது.

இருமல் இல்லை.

“இப்ப விளங்குதா அக்கா?” என்றான் மகன் தன் தமக்கையிடம், அவனுக்கே அது பிடிக்காததுபோல. மகள் மறுபடி போட்டாள். மறுபடியும் இல்லை. “அப்பா பொய் சொல்ல மாட்டார்,” என்று அழத் தொடங்கினாள். ஓர் உண்மையைச் சொல்கிறேன், என்னைத் திட்டுங்கள்: எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இருமலே இல்லையென்றால் நான் கெடுத்தது வெறும் ஒரு தட்டு, அவ்வளவுதானே? அடுத்த நிமிடம் அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது. இல்லாத ஒரு பிழைக்காகவா அந்த மனிதர் ஐம்பது வருடம் கராம்பு மென்றார்?

மறுநாளே மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். “சித்தப்பா, சுறுக்கா வாங்க.”

பழைய தட்டை அப்படியே ஓட விட்டு யாரோ ஒருவர் தனியாக ஏற்றியிருந்தார். மழை பெய்வது போலக் கரகரப்பு. குழல், நிறுத்தம். அதற்குள் தெளிவாக ஒரு இருமல். அடக்கப் பார்த்து முடியாமல் போன சின்ன இருமல். கீழே முன்பின் தெரியாத சனங்கள் எழுதிய குறிப்புகளை மகள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். ஒருவர்: புதுப் பதிப்பில் சுத்தம் செய்கிறோம் என்று என் இருமலை எடுத்துவிட்டார்கள், திருப்பித் தாருங்கள். இன்னொருவர்: அந்த இருமல் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன், அது வந்தால்தான் எனக்குப் பாட்டு தொடங்கும். யாருடைய இருமல் என்பதில் ஒரே சண்டை. மேளக்காரனுடையது என்றார் ஒருவர். ஒலிப்பதிவாளருடையது, நான் நிச்சயமாக அறிவேன் என்றார் வேறொருவர். தரை கூட்டியவரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

மகன் எழும்பிப் போய் உள்ளேயிருந்த தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். “அம்மா, நீங்க சொல்லுங்க. இது அப்பாவா?”

ஐம்பது வருடம் அந்த இருமலோடு குடும்பம் நடத்தியவர். அவரைவிடச் சாட்சி வேறு யார்? அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஒருக்கா மறுகா போடு புள்ள,” என்றார். மூன்றாம் தரமும் கேட்டார்.

“தெரியாதுகா,” என்றார். “இது ஒரு பொடியன்ட இருமல். எனக்குத் தெரிஞ்சது கலியாணம் முடிச்ச ஆம்பிளையின்ட இருமலும், மறுகா கிழவன்ட இருமலுந்தானே? நான் என்னெண்டு சொல்ற?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பொய்களை அடித்தவன்! மகளுக்கும் மனம் ஆறியிருக்கும். ஆனால் அவருடைய விஷயத்தில் என் கணக்கில் ஏற்கெனவே ஒரு பொய் கிடந்தது.

“எனக்கும் தெரியாது புள்ள,” என்றேன். “தெரிஞ்சதை எழுதித்தாறன். அதைப் போடுவம்.”

அச்சகத்துக்கு வந்து, தயாராகக் கிடந்த புலம்பல்கள் ஒன்றையும் தொடாமல், ஒரு பக்கம் எழுதினேன். லண்டனில் ஓர் இசைத்தட்டில் தான் இருமியதாக அன்னார் சொன்னார் என்று எழுதினேன். அந்தத் தட்டில் ஓர் இருமல் இருக்கிறது என்றும், அதற்காகக் காத்திருக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்றும் எழுதினேன். பிறகு, தட்டை வெயிலில் வைத்து வளைத்தவர் அன்னார் அல்லர், நான், என்று எழுதி என் பெயரைப் போட்டேன். பிள்ளைகளுக்குப் பிரதியை அனுப்பினேன். மகள் ‘சரி சித்தப்பா’ என்று மட்டும் பதில் போட்டாள். மகன் ஒன்றையும் வெட்டவில்லை.

முப்பத்தோராம் நாள் பந்தலில் சனம் சோற்றுக்குக் காத்திருந்தபடி கல்வெட்டைப் புரட்டியது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. பழைய டைம்கீப்பர் ஒருவர், “அடப்பாவி, நீயாடா? நாங்க இவ்வளவு நாளும் அவர் எண்டெல்லோ இரிந்தம்!” என்று பந்தல் கேட்கச் சொன்னார்.

“ஓம். என்ட பிழைதான்,” என்றேன். அவர் எத்தனை தரம் சொல்லக் கேட்ட வாக்கியம். என் வாயால் வருவது இதுதான் முதல்முறை.

சனம் கலைந்த பிறகு அக்கா கிணற்றடியில் நின்றார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அவருக்குத் தெரியும் தம்பி,” என்றார்.

“என்ன அக்கா?”

“நீ குடுத்திட்டுப் போன அண்டே தெரியும். உறையில உன்ட கரியர்க் கம்பி அழுத்தின தழும்பு இரிந்தது. அந்தக் கதவுக்கு மேலால, குறுக்க. எனக்கும் காட்டினவர்.”

“அப்ப ஏன் அக்கா என்னட்ட வந்து மன்னிப்புக் கேட்டவர்?”

அக்கா என்னைப் பார்த்தார். கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“நீ கேக்க மாட்டாய் எண்டு தெரியும்தானே. ஆராவது கேக்கத்தானே வேணும்?”

அழுதுவிட்டேன். அறுபத்துநாலு வயதில், ஊரார் வீட்டுக் கிணற்றடியில். அக்கா வாளியில் தண்ணீர் அள்ளி வைத்து, முகத்தைக் கழுவச் சொன்னார்.

அந்தப் பாட்டை இப்போதும் அச்சகத்தில் சில பகல்களில் போட்டுக் கேட்கிறேன், பழைய தட்டிலிருந்து ஏற்றியதை. தாளம் இன்னும் கைக்குள் நிற்கவில்லை. இருமியது அவர்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வளைத்தது நான். அது கல்வெட்டில், முந்நூறு பிரதியில் இருக்கிறது.